கேரவன் பிரேக் போட்டால் "டங்", ஒரு சக்கரம் மட்டும் சூடு: எங்கிருந்து தொடங்குவது?

கித்தாக்காடு (சுங்கை சிப்புட், மலேசியா)

அண்ணன்மார்களுக்கு வணக்கம். செகண்ட் ஹேண்ட் ஐரோப்பிய கேரவன், ஒற்றை அச்சு, தகட்டில் உள்ள அதிகபட்ச எடை 1,300 கிலோ. இழுப்பது ஹைலக்ஸ் 2.4 ஆட்டோ. டவுனிலிருந்து வீடு வரை தோட்டத்துச் செம்மண் ரோடு. லூமுட் பக்கமும் ஸ்கூல் லீவில் கேமரன் மலைக்கும் கொண்டுபோக வேண்டும்.

பிரேக் போட்டால் கொக்கிப் பக்கம் "டங்" என்று ஓர் இடி. நிறுத்திப் பார்த்தால் இடது சக்கரம் கை வைக்க முடியாத சூடு, வலது சில்லென்று இருக்கிறது. வாசல் ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுத்தால் கேரவன் தானே பிரேக் பிடித்துக்கொண்டு நகர மறுக்கிறது. ஓர் ஒர்க்‌ஷாப்பில் அடியில் ஓடும் பிரேக் கம்பியை முறுக்கிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ரிவர்ஸ் இன்னும் மோசம். எலக்ட்ரிக் பிரேக்குக்கு மாற்றிவிடு என்றும் சிலர் சொல்கிறார்கள். மாற்றுவதா, இருப்பதையே சரி செய்வதா?

---

ஸ்பானா மண்டோர்

தம்பி, அந்தக் கம்பியை முறுக்கியதுதான் வினை. முதலில் அதைத் தளர்த்துங்கள்.

உங்களுடையது தள்ளு பிரேக். காடி (இழுக்கும் வண்டி) வேகம் குறையும்போது கேரவன் முன்னால் தள்ளும். கப்ளிங் (கேரவன் மூக்கில் உள்ள கொக்கிப் பூட்டு) ஷாஃப்ட் உள்ளே போகும். அது நெம்புகோலைத் தள்ளி, நடுக் கம்பியை இழுத்து, கேபிள் வழியாகச் சக்கரத்தின் பிரேக் டிரம்முக்குள் இருக்கும் ஷூவை (டிரம்மில் உரசி நிறுத்தும் வளைந்த கட்டை) விரிக்கும். கரண்டும் இல்லை, எண்ணெயும் இல்லை. ஷூவின் மேல் ஒட்டிய லைனிங் தேய்ந்தால் இடைவெளி கூடுவது டிரம்முக்குள்தான். அதை அங்கேதான் சரிக்கட்ட வேண்டும். கம்பியைச் சுருக்கினால் பிரேக் பிடிப்பது போலத் தெரியும், ஆனால் ஷூ எந்நேரமும் பாதி விரிந்தே நிற்கும். ரிவர்ஸில் டிரம் பின்னோக்கிச் சுற்றும்போது ஷூ ஒன்று சரிந்து விலகி பிரேக்கை விடுவிக்கும்படிதான் செய்திருக்கிறார்கள். கம்பி இறுகியிருந்தால் அது சரிய இடமே இல்லை. உங்கள் ரிவர்ஸ் கோளாறுக்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதி துருவாக இருக்கலாம்.

சரி செய்யும் வரிசை முக்கியம். மாற்றிச் செய்தால் பலன் இல்லை.

சமதரையில் நிறுத்தி, தூக்காத சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். காடியிலிருந்து கழற்றுங்கள். ஹேண்ட் பிரேக் முழுக்கக் கீழே இருக்கட்டும். கப்ளிங் ஷாஃப்டை முழுக்க வெளியே இழுத்து வையுங்கள். உள்ளே சிக்கி நின்றால் பிறகு எடுக்கும் எந்த அளவும் பொய்தான். ஜேக்கை அச்சுக்கு அருகில் உள்ள அதற்கான இடத்தில் போடுங்கள், ஸ்டாண்டும் கொடுங்கள். நான்கு மூலையில் இறக்கும் கால்கள் கேரவன் ஆடாமல் இருக்க மட்டுமே. அதில் தூக்கினால் கால் வளையும், தரைப்பலகையும் பிளக்கும்.

நடுக் கம்பியின் நட்டுகளைத் தளர்த்தி, இரண்டு கேபிளும் தொய்வாக இருக்கும்படி விடுங்கள். இனி சக்கரம். ஆல்கோ கம்பெனி வகையில் டிரம்மின் பின்தட்டில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். கழற்றினால் உள்ளே பல்சக்கரம். எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்று தட்டிலேயே அம்புக்குறி இருக்கும். நாட் (Knott) கம்பெனி வகையில் வெளியிலேயே ஆறுமுக போல்ட். எதுவானாலும் சக்கரத்தை முன்னோக்கி மட்டும் சுற்றுங்கள். பின்னோக்கிச் சுற்றினால் ரிவர்ஸ் அமைப்பு வேலை செய்து, தளர்வாக இருப்பதாக ஏமாற்றும். சக்கரம் பிடித்து நிற்கும் வரை இறுக்கி, பிறகு உரசாமல் சுற்றும் வரை ஒவ்வொரு பல்லாகத் தளர்த்துங்கள். லேசாக "உஸ்" என்றால்கூட இன்னும் ஒரு பல்.

அடுத்து அச்சின் நடுவில் கேபிளை கையால் வெளியே இழுத்துப் பாருங்கள். ஆல்கோவில் 5 முதல் 8 மி.மீ வரை வந்து நிற்க வேண்டும். 2 மி.மீ-தான் வருகிறது என்றால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள், 15 மி.மீ வந்தால் ஷூ இன்னும் தள்ளியிருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவு வராமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

கடைசியாக நடுக் கம்பி. தொய்வு போகும் அளவுக்கு மட்டும் நட்டைத் திருப்பி, எதிர் நட்டைப் பூட்டுங்கள். கேபிள்கள் வந்து சேரும் குறுக்குப் பட்டை அச்சுக்கு நேர் இணையாக இருக்கிறதா பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஒரு டிரம் முந்துகிறது, இன்னொன்று தூங்குகிறது. உங்கள் கேரவனில் இப்போதே படுத்துப் பார்த்தால் அது சாய்ந்திருக்கும் என்று பந்தயம் கட்டலாம்.

இடது சூடு, வலது சில் என்றால் எல்லோரும் சூட்டையே துரத்துவார்கள். சில்லென்று இருக்கும் பக்கத்தையும் சந்தேகியுங்கள். வலது கேபிள் உறைக்குள் துருப்பிடித்து நகராமல் இருந்தால் மொத்த வேலையும் இடது தலையில் விழும். கேபிளைக் கழற்றிக் கையால் இழுங்கள். மணல் அரைப்பது போல் வந்தால் கேபிள் போய்விட்டது. கிரீஸ் ஊற்றிப் பிழைக்க வைக்கப் பார்க்காதீர்கள், இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.

"டங்" சத்தத்துக்குக் காரணம் ஷாஃப்டுக்குள் இருக்கும் டேம்பர், அதாவது இடியை அடக்கும் உருளை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்து, கப்ளிங்கை உடம்பின் பலம் கொண்டு உள்ளே தள்ளுங்கள். நல்ல டேம்பர் முரண்டு பிடித்து உள்ளே போகும், விட்டதும் மெதுவாகத் தானே வெளியே வரும். சுலபமாகப் போய் இடித்தால் அல்லது உள்ளேயே கிடந்தால் புது டேம்பர்தான் தீர்வு. ஷாஃப்டை மூடும் ரப்பர் சுருள் கிழிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். செம்மண் தூசியும் மழைத் தண்ணீரும் உள்ளே போய்ச் சேறாகி, ஷாஃப்ட் புஷ்ஷை அரைத்துவிடும். கப்ளிங்கில் இருக்கும் இரண்டு கிரீஸ் நிப்பிளையும் பெரும்பாலானோர் பார்த்ததே இல்லை.

டிரம்மைக் கழற்ற வேண்டி வந்தால் ஒரு எச்சரிக்கை. ஆல்கோவின் சீல் செய்த பேரிங் அச்சில் உள்ள பெரிய நட் ஒரு முறைதான். கழற்றினால் புதிது போட்டு 290 நியூட்டன் மீட்டர் டார்க்கில் இறுக்க வேண்டும். சாதாரண டார்க் ரெஞ்ச் அந்த அளவு எட்டாது. "கையால் நல்லா இறுக்கிட்டேன் பாஸ்" என்று சொல்லும் இடத்தில் விடாதீர்கள். லைனிங் 2 மி.மீ-க்கு வந்துவிட்டால் மாற்றுங்கள். டிரம்முக்குள் உள்ள தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். பிரேக் கிளீனர் அடித்துத் துணியால் துடையுங்கள்.

---

செம்பனை லோரி

மண்டோர் அண்ணன் சொன்னதோடு, எடையையும் பார்த்துவிடுங்கள். பிரேக் ஒழுங்காக இருந்தாலும் எடை தவறான இடத்தில் இருந்தால் வால் ஆடும்.

1,300 என்பது சாமானோடு சேர்த்த உச்சவரம்பு. தெரிந்த செம்பனை எண்ணெய் ஆலை இருந்தால் அங்குள்ள எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள்: தண்ணீர், கேஸ் தோங் (சிலிண்டர்), கூடாரம், அரிசி பருப்பு எல்லாம் ஏற்றிய பிறகு, காடியிலிருந்து கழற்றி. ஆலை மேடை 10 அல்லது 20 கிலோ படியில்தான் காட்டும், மொத்த எடைக்கு அது போதும். மூக்கு எடைக்கு, அதாவது கப்ளிங் காடியின்மேல் அழுத்தும் எடைக்கு, அது உதவாது.

மூக்கு எடைக்குக் குளியலறைத் தராசு போதும். கப்ளிங்குக்கு அடியில், டோ பால் (காடியின் பின்னால் கேரவனை மாட்டும் உருண்டை) இருக்கும் அதே உயரத்துக்கு ஒரு கட்டையை வெட்டித் தராசின்மேல் நிறுத்தி, கேரவன் மூக்கில் உள்ள சிறு முன்சக்கரத்தைத் தூக்கிவிட்டால் கட்டை தாங்கும் எடை தெரியும். ஐரோப்பிய கேரவனுக்கு மொத்த எடையில் 5 முதல் 7 விழுக்காடு என்பது வழக்கம். 1,300-க்கு 65 முதல் 91 கிலோ. ஆனால் கப்ளிங் தகட்டில் ஆங்கில "எஸ்" எழுத்துக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். 75 என்றிருந்தால் 75-தான் எல்லை. காடியின் டோ பார் (பால் பொருத்திய இழுவைச் சட்டம்) தகட்டையும் பார்த்து, இரண்டில் குறைந்ததை எடுங்கள். ஆஸ்திரேலிய யூடியூப்காரர்கள் 10 விழுக்காடு என்பார்கள். அவர்கள் கேரவன் வேறு, கப்ளிங் வேறு; அந்தக் கணக்கை இதற்குப் போட்டால் கப்ளிங் எல்லை தாண்டும்.

கனமானது அச்சுக்கு மேல், தரையோடு. பின்பக்கம் சைக்கிள் ஸ்டாண்டு மாட்டுவதுதான் இங்கே பரவலான தவறு. பின்கோடியில் 40 லிட்டர் தண்ணீர் என்றால் அது 40 கிலோ, மூக்கைத் தூக்கிவிடும்.

டோ பாலின் தலையைப் பாருங்கள், அளவு குத்தியிருக்கும். உங்கள் கப்ளிங்குக்கு 50 மி.மீ. கடையில் 2 அங்குலமும் ஒன்றுதான் என்பார்கள், அது 50.8, கப்ளிங் முழுசாக உட்காராது. ஒன்றே முக்காலும் அரைக்காலும் சேர்ந்த அங்குலப் பால் 47.6, அது மேலே தூக்கிக் கழன்றுவிடும். தேய்ந்த பாலை வெர்னியரில் அளந்து 49 மி.மீ-க்குக் கீழே போயிருந்தால் தூக்கிப் போடுங்கள். ஆடாமல் பிடிக்கும் உராய்வுக் கட்டை உள்ள கப்ளிங் என்றால் பாலில் கிரீஸ் தடவக் கூடாது, பெயிண்ட்டும் இருக்கக் கூடாது. அதற்குக் கழுத்து நீண்ட பால்தான் வேண்டும். சாதாரண கப்ளிங் என்றால் லேசான கிரீஸ் சரி.

மாட்டிய பிறகு முன்சக்கரத்தை இறக்கி, காடியின் பின்பக்கம் சற்று மேலே எழும்பும் வரை சுற்றிப் பாருங்கள். காடி எழும்பினால் பூட்டு பிடித்திருக்கிறது. பிறகு முன்சக்கரத்தை முழுக்க மேலே ஏற்றிக் கட்டுங்கள். பாதியில் நின்றால் அது பிரேக் கம்பியில் இடித்துக்கொண்டே வரும், பிரேக் அரைகுறையாகப் பிடித்த மாதிரி இருக்கும்.

---

கித்தாக்காடு

அடியில் படுத்துப் பார்த்தேன். குறுக்குப் பட்டை சாய்ந்துதான் இருக்கிறது. ரப்பர் சுருளும் கிழிந்திருக்கிறது. கப்ளிங்கில் தொங்கும் மெல்லிய சிவப்புக் கம்பி எதற்கு? முந்தைய ஓனர் அதை பாலின் கழுத்தில் சுற்றிவிட்டிருந்தார்.

---

ஸ்பானா மண்டோர்

அது அறுந்து போவதற்காகவே உள்ள கம்பி. கேரவன் காடியிலிருந்து கழன்றால் அது ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்திவிட்டு அறுந்துவிடும். பாலின் கழுத்தில் சும்மா சுற்றினால் கழலும்போது அதுவும் வழுக்கி வெளியே வந்துவிடும், பிரேக் விழாது. டோ பாரில் தனி வளையம் இருந்தால் அதில் மாட்டுங்கள். இல்லையென்றால் ஒன்று வெல்டு செய்யச் சொல்லாதீர்கள், போல்ட்டில் மாட்டும் வளையம் வாங்குங்கள். நேராக ஓடட்டும், திருப்பத்தில் இழுபடாத அளவு தொய்வு வேண்டும், தரையில் உரசவும் கூடாது. நைலான் உறை வெடித்திருந்தால் புதிது போடுங்கள். சங்கிலியோடு சேர்த்துக் கட்ட வேண்டாம்.

---

லூமுட் காற்று

எலக்ட்ரிக் மாற்றுவது பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே. 1,300 கிலோ ஒற்றை அச்சுக்கு வேண்டாம் என்பதே என் எண்ணம். பிரேக்கை இயக்கும் மேக்னட் வாங்கிப் போட்டால் முடியும் வேலை இல்லை அது. மேக்னட் ஒட்டுவதற்குள்ள தட்டையான முகம் உள்ள டிரம், பின்தட்டு முழு செட், காடிக்குள் கன்ட்ரோலர், கழன்றால் பிடிக்க 12 வோல்ட் பேட்டரியோடு சுவிட்ச், கூடவே தள்ளு ஷாஃப்டை நிரந்தரமாகப் பூட்டுவது. ஐரோப்பிய அச்சுக்குப் பொருந்தும் செட் கிடைப்பதே பெரும்பாடு. டேம்பர், கேபிள், ரப்பர் சுருள் மாற்றும் செலவு அதில் ஒரு சிறு பங்குதான் வரும்.

வயரிங்கில் ஒரு பொறி இருக்கிறது. ஏழு பின் வட்ட பிளக் பார்க்க ஒன்று போல இருக்கும். பிரிட்டிஷ் வயரிங்கில் 5-ஆம் பின் வலது பின்விளக்கு. ஆஸ்திரேலிய வயரிங்கில் அதே 5-ஆம் பின் எலக்ட்ரிக் பிரேக். ஆஸ்திரேலியா டோ கிட் போட்ட ஹைலக்ஸில் உங்கள் கேரவனை மாட்டினால் வலது பின்விளக்கு எரியாது. ரிவர்ஸ் போட்டால் மூடுபனி விளக்கு எரியும், ஏனென்றால் 2-ஆம் பின்னும் மாறியிருக்கிறது. இதைப் பல்பு கோளாறு என்று நினைத்துப் பல்பை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். இதற்குத் தலைகீழ் இன்னும் மோசம்: எலக்ட்ரிக் பிரேக் உள்ள டிரெய்லரை பிரிட்டிஷ் வயரிங் காடியில் மாட்டி, பொழுது சாய்ந்து லைட் போட்டால் டிரெய்லர் பிரேக் பிடித்தபடி ஓடும், டிரம் வெந்துவிடும். ஆகவே நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரில் ஒவ்வொரு பின்னையும் சோதித்துவிட்டு மாட்டுங்கள்.

எலக்ட்ரிக் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால்: 10 அல்லது 12 அங்குல டிரம் மேக்னட்டுக்கு சுமார் 3 ஓம் தடை இருக்க வேண்டும். 12 வோல்ட்டில் ஒன்றுக்கு 3 முதல் 4 ஆம்ப், இரண்டு சக்கரத்துக்கு 7, 8 ஆம்ப். கம்பிக்கும் மேக்னட் உடலுக்கும் இடையே மீட்டர் ஏதாவது காட்டினால் உள்ளே ஷார்ட். ஆம்ப் குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது எர்த். கடல் காற்றுப் பட்ட பிளக்கில் பச்சை பூத்திருக்கும். பிரேக் வயர் 4 சதுர மி.மீ-க்குக் குறையக் கூடாது. கன்ட்ரோலரைச் சமன் ரோட்டில் 40 கி.மீ வேகத்தில் கைப்பிடியை முழுக்க அழுத்தி, சக்கரம் பூட்டும் நிலைக்குச் சற்றுக் கீழே வையுங்கள். செம்மண் ரோட்டில் நுழையும்போது அதைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் நின்று சறுக்கும். கழன்றால் பிடிக்கும் சுவிட்சின் பின்னைப் பிடுங்கிச் சோதிக்கும்போது காடியின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், அந்தக் கரண்ட் பின்னோக்கிப் போய் கன்ட்ரோலரைக் கெடுக்கக்கூடும்.

---

மலைப்பாதை

கேமரன் மலை பற்றிச் சொல்கிறேன். தாப்பா வழியை விட்டுவிடுங்கள், வளைவுகள் நெருக்கம், லோரி எதிரே வந்தால் கேரவனின் உள்பக்கச் சக்கரம் வடிகாலில் இறங்கும். சிம்பாங் பூலாய் வழியாகக் கம்போங் ராஜா போங்கள். ரோடு அகலம். அகலம் என்பதாலேயே இறக்கத்தில் வேகம் தெரியாமல் ஏறும் என்பதுதான் அங்கே ஆபத்து.

தள்ளு பிரேக்கின் இயல்பைப் புரிந்துகொள்ளுங்கள். கேரவன் காடியைத் தள்ளும்போதெல்லாம் அது பிடிக்கும். கீழ் கியரில் இஞ்சின் இழுத்துப் பிடித்தாலும், உங்கள் கால் பெடலில் இல்லாவிட்டாலும், நீண்ட இறக்கத்தில் டிரம் சூடாகிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே இறங்கத் தொடங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். கியரை எஸ் பக்கம் (கையால் கியர் மாற்றும் நிலை) தள்ளி மூன்றாவதிலோ இரண்டாவதிலோ வையுங்கள். பெடலில் காலை வைத்து உரசிக்கொண்டே இறங்காமல், சற்று அழுத்தி வேகத்தைக் குறைத்து முழுக்க விடுங்கள். விட்ட இடைவெளியில்தான் டிரம் ஆறும்.

கருகின வாடை வந்தால் ஒதுங்கி நிறுத்தி, கட்டை வைத்துவிட்டு ஹேண்ட் பிரேக் போடாமல் ஆற விடுங்கள். சூட்டில் விரிந்த டிரம் ஆறும்போது சுருங்கும், ஷூ அழுந்தியிருந்தால் அதைக் கவ்விக்கொள்ளும். தண்ணீர் ஊற்றவே கூடாது, டிரம் விரிசல் விடும்.

ஈப்போவிலிருந்து வடக்கே போகும்போது மெனோரா சுரங்கப் பகுதியில் கனமான லோரிகள் ஊர்ந்துகொண்டிருக்கும், பக்கத்தில் எக்ஸ்பிரஸ் பஸ் பாயும். பஸ் உரசிப் போகும் காற்றில் கேரவன் முதலில் தள்ளப்படும், பிறகு பஸ் பக்கம் இழுபடும். இடது தடத்தில் 80-க்குள் போங்கள். வால் ஆடத் தொடங்கினால் ஆக்சிலேட்டரை மட்டும் விடுங்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, எதிர்ப்பக்கம் திருப்பாமல் இருங்கள், திடீர் பிரேக் வேண்டாம். வேகத்தை ஏற்றி நேராக்கலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். இறக்கத்தில் அதைச் செய்தால் கவிழும்.

---

செம்பனை லோரி

மலைப்பாதை அண்ணே, மூன்றாவது கியர் என்று பொதுவாகச் சொன்னால் ஆள் 3,000 ஆர்பிஎம்மைப் பார்த்ததும் பயந்து மேலே ஏற்றிவிடுவார். டீசலுக்கு 3,000 ஒன்றும் செய்யாது. வேகம் தானே ஏறாமல் நிற்கும் கியர் எதுவோ, அதுதான் சரியான கியர்.

தம்பி, டயரையும் சொல்லிவிடுகிறேன். பக்கச் சுவரில் நான்கு எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆம் வாரம். கேரவன் டயர் தேய்ந்து சாவதில்லை, வெயிலில் நின்றே சாகும். பூ (டயரின் பள்ளக்கோடு) இருக்கிறதே என்று பார்க்காதீர்கள், ஏழு வயது ஆனால் மாற்றுங்கள். புது சக்கரம் மாட்டினால் 50 கி.மீ ஓடியதும் நட்டுகளை மீண்டும் டார்க் வையுங்கள். டோ பார் போட்டதை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லுங்கள், டிரெய்லர் பதிவு பற்றி ஜே.பி.ஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) கவுண்டரில் கேட்டு பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

---

கித்தாக்காடு

நன்றி அண்ணன்களே. டேம்பர், இரண்டு கேபிள், ரப்பர் சுருள் ஆர்டர் செய்கிறேன். கடைசியாக ஒன்று: லீவு இல்லாத மாதங்களில் கேரவன் லயத்துக்கு (தோட்ட வீட்டு வரிசை) பக்கத்தில் கூரைக்கு அடியில் நிற்கும். ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்தே வைக்கலாமா?

---

ஸ்பானா மண்டோர்

வேண்டாம். நம் ஊர் ஈரத்துக்கு லைனிங் டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். மாதக்கணக்கில் அப்படி நின்று, பிறகு காடியால் பலவந்தமாக இழுத்தால் லைனிங் ஷூவிலிருந்து உரிந்து வரும். சமதரையில் நிறுத்தி, இரண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் நல்ல மரக்கட்டை வைத்து, மூலைக் கால்களை இறக்கி, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடுங்கள். மாதம் ஒரு தரம் அரைச் சுற்று நகர்த்தி வையுங்கள், டயரும் பேரிங்கும் ஒரே இடத்தில் அழுந்தாது.

சரிவில் நிறுத்த வேண்டி வந்தால் மட்டும் லீவரை முழு உயரத்துக்கு இழுங்கள். ரிவர்ஸ் அமைப்பு உள்ள பிரேக் என்பதால் கேரவன் பின்னோக்கிக் கொஞ்சம் உருண்டுதான் பிடிக்கும். லீவரைப் பாதியில் விட்டால் அந்த உருளலுக்குப் பிறகும் பிடிக்காது. அந்த உருளும் தூரத்தில் ஆள் நிற்கக் கூடாது, முதலில் கட்டை வைத்துவிட்டுத்தான் காடியைக் கழற்ற வேண்டும்.

முதல் ஓட்டத்துக்கு முன் பின்தட்டு ரப்பர் மூடிகளைத் திரும்பப் போட்டீர்களா என்று பாருங்கள். திறந்து கிடந்தால் குளவி உள்ளே மண்கூடு கட்டிவிடும்.